கடைமடைச் சேற்றில் இணைதிறன்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகளில் இறங்கி, திருத்துறைப்பூண்டியை எட்டும்போது ஆற்றின் வேகமெல்லாம் அடங்கிப்போயிருக்கும். இது கடைமடை. தென்மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு, தென்கிழக்கே வேதாரண்யத்து உப்பளங்கள். நிலம் கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம். மேலேயிருந்து வரும் நன்னீரும் கீழேயிருந்து ஏறும் உவர்நீரும் இந்தக் களிமண்ணில் வந்து முட்டிக்கொள்கின்றன.

இங்கே ஒரு வயலில் மழை பெய்து ஓய்ந்தும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. காய்ந்தால் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடும். பக்கத்து வயலில் நட்ட மூன்றாம் வாரம் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழும். இன்னொன்றில் சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்களாகத் தெரிகின்றன, உரக்கடையிலும் மூன்றுக்கும் மூன்று வேறு மூட்டைகள் உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது, பள்ளியில் தனிம வரிசை அட்டவணையைக் கற்றுக்கொடுக்கும்போது மனப்பாடம் செய்யவைத்த சமாச்சாரம்தான்: சோடியத்தின் இணைதிறன் 1, கால்சியம் 2, இரும்பு 2 அல்லது 3, துத்தநாகம் 2. மண்ணில் ஒரு தனிமம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது எத்தனை எலக்ட்ரானை இழந்து நிற்கிறது, எந்தத் தனிமத்தோடு போட்டியில் இருக்கிறது என்று கேட்டால்தான் கடைமடை மண் புரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இணைதிறன் என்ற கருத்து எலக்ட்ரானைவிட மூத்தது. 1852-ல் ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட், ஒவ்வொரு தனிம அணுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிற அணுக்களோடுதான் சேர்கிறது என்று கண்டார். 1869-ல் மெண்டலீவ் அட்டவணையை அமைத்தபோது, அணு எடையோடு இந்தச் சேரும் திறனையும் கைப்பிடித்துத்தான் வரிசை போட்டார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-ல். காரணம் தெரியாமலேயே கணக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது.

காரணத்தைப் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: அணு தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் பெற்று மந்த வாயுபோல் ஆக விரும்புகிறது. அணுவுக்கு விருப்பம் ஏது? எலக்ட்ரானைப் பிரிக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். அந்தச் செலவை யார் திருப்பித் தருகிறார்கள் என்பதே கேள்வி. சோடியத்தின் வெளிக்கூட்டில் 3எஸ் ஆர்பிட்டாலில் ஓர் எலக்ட்ரான். அதைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதைப் பிரிக்க வேண்டுமானால் நியான் அமைப்பின் மூடிய கூட்டை உடைக்க வேண்டும், செலவு 4,562. அதனால் சோடியம் ஒன்றோடு நின்றுவிடுகிறது. கால்சியத்தின் 4எஸ் ஆர்பிட்டாலில் இரண்டு. முதலாவதற்கு 590, இரண்டாவதற்கு 1,145, மூன்றாவதற்கு 4,912. இரண்டுக்கு மேல் ஏன் போவதில்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஆனால் ஒன்றோடு ஏன் நிற்பதில்லை? அதுதானே செலவு குறைந்த வழி?

விடை தண்ணீரில் இருக்கிறது. அயனி நீரில் இறங்கியதும் நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு ஆற்றலை வெளிவிடுகின்றன. சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், கால்சியம் அயனியின் ஆரம் 100. அளவில் இரண்டும் இரட்டையர். ஆனால் மின்சுமை இரு மடங்கானால் நீரேற்ற ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. சோடியத்துக்குச் சுமார் 400 கிலோஜூல், கால்சியத்துக்குச் சுமார் 1,600. இரண்டாவது எலக்ட்ரானை இழக்கக் கால்சியம் கூடுதலாகக் கொடுக்கும் விலையைத் தண்ணீர் ஈடுகட்டிவிடுகிறது. படிகத்தில் இருந்தால் எதிரயனிகளின் ஈர்ப்பு அதைச் செய்கிறது. எட்டு என்ற எண்ணில் மாயம் ஒன்றும் இல்லை. அளவில் ஒன்றாகவும் சுமையில் வேறாகவும் இருக்கும் இந்த இரண்டு அயனிகள்தான் கடைமடையில் மோதுகின்றன, மோதும் களம் களிமண்.

களிமண் துகள் எதிர்மின்சுமை கொண்டது என்பது பலருக்குத் தெரியும். அந்தச் சுமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அங்கேயும் இணைதிறன்தான். டெல்டாவின் கனத்த மண்ணில் மிகுதியாக உள்ள மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண், சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து அமைந்த மெல்லிய தகடுகளின் அடுக்கு. அது உருவான காலத்தில் மூன்று சுமை கொண்ட அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் இரண்டு சுமை கொண்ட மெக்னீசியம் உட்கார்ந்துவிட்டது. நான்கு சுமை கொண்ட சிலிக்கானின் சில இடங்களை அலுமினியம் பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் ஆள்மாறாட்டத்துக்கும் ஒரு நேர்மின்சுமை குறை. அந்தக் குறையை ஈடுகட்டத் தகட்டின் வெளிப்பரப்பில் சோடியமோ கால்சியமோ மெக்னீசியமோ பொட்டாசியமோ வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை நிரந்தரக் குடிகள் இல்லை. மண்நீரில் யார் கூட்டமாக வருகிறார்களோ அவர்களுக்கு இடம் விட்டுப் போக வேண்டியதுதான்.

இந்தப் பரிமாற்றத்தை முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் யார்க்‌ஷயர் நிலக்கிழார் எச். எஸ். தாம்சன். மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்தது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். ஜே. தாமஸ் வே 1850-ல் இதை விரிவாக ஆராய்ந்து, இடம் மாறியது நேரயனிகள் மட்டுமே என்று காட்டினார். அங்கே உரம் போய் ஜிப்சம் வந்தது. திருத்துறைப்பூண்டி உழவர் அதே வினையை எதிர்த் திசையில் ஓட்டுகிறார், ஜிப்சத்தைப் போட்டுச் சோடியத்தை வெளியேற்றுகிறார்.

கடல்நீர் வயலுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் ஏறக்குறைய 480 மில்லிமோல். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 64 போலத்தான். களிமண் பரப்பில் ஒரு கால்சியத்தை அகற்ற இரண்டு சோடியம் வேண்டும். ஆகவே சமநிலைக் கணக்கில் இரண்டையும் நேராக வகுக்கக் கூடாது. கால்சியம், மெக்னீசியம் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் சோடியத்தை வகுக்க வேண்டும். அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954-ல் வெளியிட்ட கையேடு இந்த எண்ணைச் சோடியம் உறிஞ்சு விகிதம் என்று உலகம் முழுக்கப் பரப்பியது. கடல்நீருக்கு அது சுமார் 60. அத்தகைய நீரோடு சமநிலைக்கு வந்த களிமண்ணின் பரிமாற்ற இடங்களில் கிட்டத்தட்டப் பாதியைச் சோடியம் பிடித்திருக்கும். 15 விழுக்காட்டைத் தாண்டினாலே நிலம் களர் என்று அந்தக் கையேடு வகுக்கிறது.

அந்த வர்க்கமூலம் சும்மா வந்து உட்காரவில்லை, அதில்தான் விஷயம் இருக்கிறது. அதே கடல்நீரோடு ஒன்பது பங்கு மழைநீர் சேர்ந்தால் எல்லா அயனிகளும் பத்தில் ஒன்றாகும். சோடியம் 48, கீழே உள்ள 64 இப்போது 6.4. விகிதமோ 60-இலிருந்து 6 ஆகாமல் 19 ஆகிறது. நூறு மடங்கு நீர்த்தால்தான் 6-க்கு இறங்கும். வெறும் மழைத் தண்ணீர், தன்னிடம் கால்சியம் ஏதும் இல்லாமலேயே, களிமண்ணின் விருப்பத்தை ஒற்றைச் சுமை அயனியிலிருந்து இரட்டைச் சுமை அயனிக்குத் திருப்பிவிடுகிறது. 1947-ல் மண்ணியலாளர் ஸ்கோஃபீல்டு இதை ஒரு விதியாகவே வகுத்தார். இரண்டு அயனிகளுக்கும் இணைதிறன் ஒன்றாகவே இருந்திருந்தால் இப்படி நடக்காது. எவ்வளவு மழை பெய்தாலும் விகிதம் அசையாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் கதிர் முற்றிக்கொண்டிருந்த சம்பா வயல்களுக்குள் கடல் புகுந்தது. பல ஆண்டுகளுக்கு அந்த நிலங்கள் தேறாது என்று அன்று பேசப்பட்டது. 2005-ன் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. பல வயல்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் பயிருக்கு வந்தன. உப்பு கழுவப்பட்டது ஒரு காரணம். மேலே சொன்ன விகித மாற்றமும் அதற்குத் துணை நின்றிருக்கும் என்றே கருதுகிறேன்.

ஆனால் கனத்த களிமண்ணில் இதே மழை எதிர்வேலையும் செய்யும். மண்நீரில் உப்பு அடர்த்தியாக உள்ளவரை சோடியம் ஏறிய களிமண்கூடக் கட்டியாக, பொலபொலப்பாகத்தான் இருக்கும். மழை உப்பை மட்டும் கழுவிப் பரப்பில் ஒட்டிய சோடியத்தை விட்டுவைத்தால், தகடுகளை இழுத்துப் பிடிக்க ஒற்றைச் சுமைக்கு வலு போதாது. அவை ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து நீரில் மிதக்கும், மண்ணின் கண்களை அடைக்கும். தண்ணீர் இறங்காது. உவர் நிலம் களர் நிலமாகும் கணம் இது. ஷுல்ட்ஸ் 1882-லும் ஹார்டி 1900-லும் கண்ட விதிப்படி, மிதக்கும் துகள்களைத் திரட்டித் தாழவைக்கும் திறன் அயனியின் சுமையோடு தாறுமாறாக ஏறுகிறது. பின்னால் வந்த கோட்பாடு அதை ஆறாம் படி என்று கணித்தது. ஒன்றுக்கு 1 என்றால் இரண்டுக்கு 64, மூன்றுக்கு 729. நிஜ மண்ணில் எண்கள் இவ்வளவு கச்சிதமாக வராவிட்டாலும் போக்கு இதுவே. கலங்கிய புதுத் தண்ணீரில் நம் வீடுகளில் படிகாரம் கலக்குகிறார்களே, அந்த மூன்று சுமை அலுமினியமும் இந்த வித்தையைத்தான் செய்கிறது, கூடவே பஞ்சுபோன்ற ஹைட்ராக்சைடாகி அழுக்கைச் சுருட்டிக்கொண்டும் போகிறது.

இனி ஜிப்சக் கணக்கு. ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 22.5 லட்சம் கிலோ. கிலோ மண்ணுக்கு ஒரு சென்டிமோல் சுமை அளவு சோடியத்தைப் பெயர்க்க அதில் பாதி மோல் கால்சியம் போதும். மோலுக்கு 172 கிராம் என்று பெருக்கினால் ஹெக்டேருக்கு 1.9 டன் ஜிப்சம். பரிமாற்றத் திறன் 30 சென்டிமோல் உள்ள களிமண்ணில் சோடியத்தின் பங்கை 25-இலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறக்க 4.5 சென்டிமோலைப் பெயர்க்க வேண்டும், சுமார் 8.7 டன், ஏக்கருக்கு மூன்றரை டன். நெல்லுக்குக் கடைசி உழவில் பரிந்துரைக்கப்படும் ஜிப்சமோ ஹெக்டேருக்கு 500 கிலோ. அது பயிருக்குக் கால்சியமும் கந்தகமும் தரும், மண்ணைக் கொஞ்சம் இளக்கும். களர் நிலத்தைத் திருத்தும் அளவு அதுவன்று. ஏக்கருக்கு நாலு மூட்டை போட்டுவிட்டு நிலம் மாறவில்லை என்று ஜிப்சத்தைக் குறை சொல்பவர்களை டெல்டா முழுக்கக் கேட்கலாம். குறை கணக்கில் இருக்கிறது.

கணக்குச் சரியாகப் போட்டாலும் பாதி வேலைதான் முடியும். கால்சியம் பெயர்த்த சோடியம் சல்பேட்டாகக் கரைந்து அதே வயலில்தான் நிற்கிறது. வயல் காய்ந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து ஒதுங்கிவிடும், கரைசலில் சோடியத்தின் கை மறுபடி ஓங்கும். அந்த நீர் வயலை விட்டு வெளியேறியாக வேண்டும், அதற்கு வடிகால் வேண்டும். கடைமடையின் உண்மையான இல்லாமை இங்கேதான். பாசன வாய்க்காலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வடிகாலைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலும் கடல் ஏற்றத்தின்போது பின்வாங்கும் ஆறும் இருக்கும் இடத்தில், எந்த இணைதிறனும் சோடியத்தைக் கடலுக்கு அனுப்பிவிடாது.

மருந்து கிடைக்கும் இடமும் தொலைவில் இல்லை. தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் வேதாரண்யத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது சாப்பாட்டு உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடுகிறது. இரட்டைச் சுமையும் இரட்டைச் சுமையும் கட்டிய படிகம் அது. லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவே கரையும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்த சோடியம் குளோரைடோ 360 கிராம் கரையும். சுமை மட்டுமே எல்லாம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது: மெக்னீசியமும் சல்பேட்டும் இரட்டைச் சுமைகள்தான், ஆனாலும் கடைசிக் கசப்பு நீர்வரை கரைந்தே நிற்கின்றன. சிறிய மெக்னீசியம் அயனி தன்னைச் சூழ்ந்த தண்ணீரை எளிதில் விடாது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த சத்தியாக்கிரகிகள் வேதாரண்யத்தில் அள்ளியது அந்தக் கடல்நீர் கடைசியில் தரும் வெள்ளை உப்பை. அதற்கு முந்தைய பாத்தியில் படியும் சாம்பல் நிறச் சரக்குக்கு யாரும் வரி போட்டதாகத் தெரியவில்லை.

இதுவரை பேசியவை தங்கள் சுமையை மாற்றாத அயனிகள். நெல்வயலின் இன்னொரு பாதி, சுமையை மாற்றும் தனிமங்களின் உலகம். அதன் நாயகன் இரும்பு.

இரும்பின் வெளியமைப்பு 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு. முதலில் போவது 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும். கிடைப்பது ஃபெரஸ் அயனி. மூன்றாவதற்குக் கால்சியம் கேட்ட விலை 4,912 என்றால், இரும்பு கேட்பது 2,957. 3டி ஆறில் ஒன்று வேறொன்றோடு ஜோடியாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அது போனால் ஐந்து ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொன்றாக ஐந்து எலக்ட்ரான்கள். இப்படிக் கிடைப்பது ஃபெரிக். இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள படி சிறியதாகையால் சூழலில் ஏற்படும் சாதாரண மாற்றமே இரும்பை இப்பக்கமோ அப்பக்கமோ தள்ளிவிடும். காற்றுப்பட்ட மண்ணில் ஃபெரிக்: செம்பழுப்பு, கரையாது. மூச்சடைத்த சேற்றில் ஃபெரஸ்: சாம்பல் பச்சை, கரையும்.

வயலில் தண்ணீர் கட்டியதும் இந்த மூச்சடைப்பு தொடங்குகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணில் மிச்சமிருந்ததை நுண்ணுயிரிகள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அவை மக்கை உண்ணும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். ஆக்சிஜனுக்குப் பிறகு நைட்ரேட், பிறகு மாங்கனீசு, அடுத்து ஃபெரிக் இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட், எல்லாம் தீர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. இந்த வரிசையையும் அதில் பிறக்கும் மாற்றங்களையும் முழுமையாக வரைந்தவர் இலங்கையரான ஃபீலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1972-ல் அவர் எழுதிய நீண்ட ஆய்வுரையை இன்றும் நெல்மண் பற்றி எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாது.

ஒவ்வோர் ஆளும் எத்தனை எலக்ட்ரான் வாங்குகிறது என்பதும் அட்டவணையில் எழுதியிருப்பதுதான். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் ஐந்து வாங்கி நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். சேற்று வயலில் நைட்ரேட் உரம் போடக் கூடாது என்பதன் காரணம் இது. இரும்பு ஒன்றே ஒன்றுதான் வாங்கும், ஆனால் மண்ணில் இரும்பு கொட்டிக் கிடப்பதால் மொத்தத்தில் பெரும் சுமைதாங்கி அதுவே. கந்தகமும் கார்பனும் எட்டு வாங்கும். 1904-ல் ரிச்சர்ட் ஆபெக், ஒரு தனிமத்தின் உச்ச நேர் இணைதிறனையும் உச்ச எதிர் இணைதிறனையும் கூட்டினால் எட்டு வருகிறது என்று கவனித்தார். கந்தகத்தின் வெளிக்கூட்டில் ஆறு: ஆறையும் விட்டுக்கொடுத்த நிலை சல்பேட், இரண்டு கூடுதலாகப் பெற்ற நிலை சல்பைடு. கார்பனுக்கு நான்கும் நான்கும்: ஒரு முனை கார்பன் டை ஆக்சைடு, மறுமுனை மீத்தேன். 1916-ல் லூயிஸ் எண்மக் கருத்தை எலக்ட்ரான் மொழியில் எழுதுவதற்கு முன்பே ஆபெக் கண்ட அந்த எட்டு, சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் நம் கால்விரல்களுக்கு இடையே முழு நீளத்துக்கும் நடந்து முடிகிறது. மன்னார்குடிப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து எடுக்க நினைத்த மீத்தேனை எதிர்த்து டெல்டா கொந்தளித்தது நியாயமே; சேற்றிலிருந்து குமிழிடும் மீத்தேனைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

அழுகிய முட்டை நாற்றம் சல்பைடு. வேர்களுக்கு நஞ்சு. கடல் பக்கத்து மண்ணில் சல்பேட் தாராளம் என்பதால் கடைமடைக்கு இது கூடுதல் கவலை. அங்கே இரும்பு காவலாளி ஆகிறது: ஃபெரஸ் அயனி சல்பைடைப் பிடித்துக் கரையாத கறுப்பு இரும்பு சல்பைடாகக் கட்டிப்போடும். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் செம்பழுப்பாக இருப்பது நல்ல அறிகுறி. நெல் தன் தண்டின் காற்றுக்குழல் வழியே வேர் நுனிவரை ஆக்சிஜனை இறக்கி, அருகில் வரும் ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றித் தன்மேல் பூசிக்கொள்கிறது. வேர் கறுத்திருந்தால் அந்தப் போரில் பயிர் தோற்கிறது. வயல் தண்ணீரின்மேல் எண்ணெய்போல் மினுங்கும் படலத்தைக் கண்டு டீசல் கசிவோ என்று பயப்படுபவர்கள் உண்டு. குச்சியால் கீறிப் பாருங்கள்: எண்ணெய் என்றால் திரும்பக் கூடிவிடும், இரும்புப் படலம் என்றால் ஓடு ஓடாக உடைந்து நிற்கும்.

தண்ணீர் கட்டுவதால் நன்மையும் இருக்கிறது. ஃபெரிக்கோடு பிணைந்து கிடந்த பாஸ்பேட், இரும்பு ஃபெரஸாகக் கரையும்போது விடுதலை ஆகிறது. மணிச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. ஆகவே எலக்ட்ரான் ஏற்றத்தை முழுக்கத் தடுக்கவும் வேண்டாம், முற்ற விடவும் வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது இதைத்தான் செய்கிறது. வயலை மயிர்க்கோடு விடும்வரை காயவிடும்போது காற்று நுழைந்து இரும்பை மறுபடி ஃபெரிக் ஆக்குகிறது. அடுத்த முறை தண்ணீர் கட்டினால் நுண்ணுயிரிகளுக்கு எலக்ட்ரான் வாங்க மறுபடி ஆள் தயார். சல்பேட்டுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் முறை வர நாள் பிடிக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் பஞ்ச காலத்துச் சிக்கனமாக மட்டும் இதைப் பார்ப்பது, அதன் வேதியியலைப் பாதியில் விட்டுவிடுவதாகும்.

இரும்புக்கு நேர்மாறு துத்தநாகம். அட்டவணையில் இரும்புக்கு நாலு கட்டம் தள்ளி அதே வரிசையில் இருக்கிறது. 3டி-யில் பத்தும் நிரம்பி, 4எஸ்-இல் இரண்டு. அந்த இரண்டும் போகும், அவ்வளவுதான். மூன்றாவதற்கு 3,833 கிலோஜூல். மண்ணில் அதைக் கொடுக்க ஆளில்லை. நிலை மாறாத இந்தக் குணத்துக்காகவே உயிர்கள் துத்தநாகத்தை நூற்றுக்கணக்கான நொதிகளில் வைத்திருக்கின்றன. பக்கத்தில் எலக்ட்ரான் ஓட்டம் என்ன நடந்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும். ஆனால் சேற்றில் அந்த உறுதியே வினையாகிறது. தண்ணீர் கட்டினால் இரும்பைப்போலக் கரையும் நிலைக்கு மாற அதற்கு வழியில்லை. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் சல்பைடும் சேர்ந்து அதைக் கரையாத உப்புகளாகப் பூட்டிவிடுகின்றன. இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் குட்டையாகும் இந்நோயை வட இந்தியாவில் கைரா என்றார்கள். பூஞ்சையோ வைரஸோ என்று தேடிக்கொண்டிருந்தபோது, அது துத்தநாகக் குறை என்று பந்த்நகரில் 1966-ல் நிறுவியவர் ஒய். எல். நேனே. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவச் சொல்வதும், டிஏபியோடு சேர்த்துக் கலக்காதே என்பதும் இந்த வேதியியலின் நீட்சிதான். ஆழமாக உழுதுவிட்டால் மூச்சடைத்த அடுக்குக்குள் போய் அது பூட்டிக்கொள்ளும், பாஸ்பேட்டோடு சேர்ந்தாலும் கரையாது போகும்.

இணைதிறன் கைகொடுக்காத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பொட்டாசியமும் சோடியமும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் ஒற்றைச் சுமை. பயிருக்கு முதலாவது உணவு, இரண்டாவது நஞ்சு. சுமையை வைத்து வேர் இவற்றைப் பிரிக்க முடியாது. 138 பிக்கோமீட்டருக்கும் 102-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உவர் தாங்கும் நெல்லில் தண்டுக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஒரு கடத்திப் புரதம் இருப்பதை 2005-ல் நோனா பொக்ரா என்ற வங்காள நெல்லில் ஆய்வாளர்கள் இனங்கண்டனர். நம் கரையோரத்தில் குழியடிச்சான், களர்பாளை ஆகிய நெல் வகைகளும் உவர் தாங்கும் என்ற பெயருக்காகவே காப்பாற்றப்பட்டவை. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இப்படிப்பட்ட விதைகளைத் தேடிச் சேர்த்துக் கைமாற்றிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அந்த விதைகளின் வேரில் எந்தக் கடத்தி எப்படி வேலை செய்கிறது என்ற ஆய்வை இன்னும் விரிவாகச் செய்ய இடமிருக்கிறது.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளைத் தருகிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துத்திறன், கரிமக் கார்பன். இந்தப் பட்டியலில் சோடியமும் கால்சியமும் இல்லை. மின்கடத்துத்திறன் கரைந்த உப்பின் மொத்தத்தைச் சொல்லும். அந்த உப்பு ஒற்றைச் சுமையா, இரட்டையா என்று சொல்லாது. இரும்பை அளப்பது காற்றில் உலர்த்திய மண்ணில், எல்லாம் ஃபெரிக் ஆன பிறகு. நடவுக்கு மூன்று வாரம் கழித்துச் சேற்றில் அது என்னவாக இருக்கும் என்பதை அந்த எண்ணிலிருந்து கணிப்பது கடினம். நாட்டின் பெரும்பகுதிக்கு இந்த அட்டை போதுமானதாக இருக்கலாம். கடலோர வட்டாரங்களுக்காவது பரிமாற்றச் சோடியத்தையும் ஜிப்சம் தேவையையும் அதில் சேர்க்க வேண்டும். அவற்றை அளக்கும் முறைகள் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன.

அதுவரை வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை உண்டு. 1967-ல் ஆஸ்திரேலியாவின் எமர்சன் வகுத்தது. வயலில் காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் பிடித்துவைத்த மழைத்தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி, ஆட்டாமல் வையுங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கால்சியம் பிடியை விடவில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் அங்கே சோடியத்தின் ஆட்சி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இதைச் செய்யக் கூடாது. அதில் உள்ள உப்பே கலங்கலை அடக்கி, களர் மண்ணையும் நல்ல மண்ணாகக் காட்டிவிடும்.